மாங்கொட்டைத் தலைக்கு ஒரு ஃபெல்ட் தொப்பி

எங்கள் ஆச்சி ஊரில் பாதிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டியவள். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, பச்சைப்பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, உள்ளங்கையால் தலையை உருட்டி உருட்டி விடுவாள். நான் பிறந்த நேரத்தில் ஆச்சி வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாளாம். அதனால்தான் என் தலை மட்டும் மாங்கொட்டை மாதிரி ஆகிவிட்டது என்பது அம்மாவின் தீர்ப்பு. இதை ஒரு டாக்டரிடம் சொன்னால் நம்மைத்தான் திட்டுவார், அது வேறு விஷயம். ஆனால் தலை நீளம்தான். முன்னாலிருந்து பின்னால் நீளம், காதுக்குக் காது ஒடுக்கம். நாற்பத்தி நாலு வயது வரை இதனால் எனக்கு ஒரு சிக்கலும் வந்ததில்லை. தொப்பி வாங்கப் போன பிறகுதான் வந்தது. அதைத் தீர்த்துவைத்த ஒரு தொப்பிக்காரப் பெரியவரின் வேலையைப் பற்றிய விமர்சனம் இது.

தொப்பி எதற்கு என்றால், நான் இருப்பது மெல்பர்னில், தலையில் முடி இருந்த இடமெல்லாம் காலி, மகள் சனிக்கிழமை காலைகளில் கிரிக்கெட் ஆடுகிறாள். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு அப்பா அம்மாக்கள்தான் முறை போட்டு அம்பயராக நிற்க வேண்டும். டிசம்பர் வெயிலில் நடு மைதானத்தில் நின்றால் திருநெல்வேலி வெயிலே தேவலாம் என்று தோன்றும். இந்த நாட்டில் தோல் புற்றுநோய்ப் பயம் பெரிய பயம். 1981இல் ஒரு கார்ட்டூன் கடற்காக்கையை ஆடவிட்டு, சட்டையைப் போடு, கிரீமைப் பூசு, தொப்பியை மாட்டு என்று டிவியில் பாட ஆரம்பித்தார்கள், இங்கே வளர்ந்தவர்களுக்கு அது இன்னும் மனப்பாடம். பெரியவர்கள் தொப்பி போட்டால் விளிம்பு சுற்றிலும் குறைந்தது 7.5 செ.மீ. அகலம் இருக்க வேண்டும் என்கிறார்கள். கிரிக்கெட் கேப் நெற்றியை மட்டும்தான் காக்கும், காதும் பிடரியும் வெந்து போகும்.

முதலில் சந்தையில் ஒரு கம்பளி ஃபெல்ட் தொப்பி வாங்கினேன், 35 டாலர், உள்ளே 'L' என்று மட்டும் போட்டிருந்தது. நெற்றியில் இடிக்கக் கூடாது என்று பெரிதாகவே எடுத்தேன். தலையில் வைத்தால் பக்கவாட்டில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. ஒரு சனிக்கிழமை வடக்கிலிருந்து காற்று. பந்து லெக் பக்கம் போனது, வைடு காட்ட இரண்டு கையையும் விரித்தேன், தொப்பி கிளம்பி ஸ்லிப் பக்கம் போய்விட்டது. விக்கெட் கீப்பர் பெண் அதைக் கேட்ச் பிடித்து, அவுட்டா என்று என்னிடமே கேட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் சேர்ந்து சிரித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் மழையில் நனைந்து, ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் காயப் போட்டேன், சுருங்கி உலை மூடி அளவுக்கு வந்துவிட்டது. ஸ்வெட்டரை வெந்நீரில் துவைத்தவர்களுக்கு இதன் காரணம் தெரியும்.

சரி, வாங்குவதை உருப்படியாக வாங்குவோம் என்று அகூப்ரா கம்பெனியின் கேட்டில்மேன் என்ற தொப்பி ஒன்றை ஆன்லைனில் போட்டேன். இருநூறு டாலருக்கு மேல். வீட்டில் அதற்கு ஒரு தனி விசாரணை நடந்தது, அதை இங்கே எழுத வேண்டாம். நியூ சவுத் வேல்ஸில் கெம்ப்சி என்ற ஊரில் செய்கிறார்கள், அகூப்ரா என்ற பெயர் 1912இல் இருந்து தொப்பிக்கு இருக்கிறது, இந்த நாட்டு ராணுவத்தின் ஒரு பக்கம் மடித்துவிட்ட தொப்பியும் அவர்கள் கைவண்ணம்தான். முயல் ரோமத்தில் செய்த ஃபெல்ட். தறியில் நெய்த துணி இல்லை இது. ரோமத்தை ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் கொடுத்துக் கசக்கிக் கசக்கி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வைப்பது. கையில் எடுத்துப் பார்த்தால் கம்பளித் தொப்பிக்கும் இதற்கும் வித்தியாசம் உடனே தெரிகிறது. அது போர்வை மாதிரி சொரசொர என்று இருந்தது, இது இறுக்கமாக, மெல்லியதாக, கன்றுக்குட்டியின் காது மாதிரி இருக்கிறது.

டேப் வைத்து அளந்தேன். நெற்றி நடு, காதுக்கு மேலே, பின்மண்டையின் புடைப்பு, இப்படிச் சுற்றி வந்தால் 58 செ.மீ. தொப்பியும் 58. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் ஐந்து நிமிடம் ராஜா மாதிரி இருந்தது. அரை மணி நேரத்தில் நெற்றியில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி வலி. கழற்றினால் நெற்றியின் நடுவில் ஒரு சிவப்புக் கோடு, பின்மண்டையில் ஒன்று. ஆனால் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் காற்று ஓடுகிறது.

என் மரமண்டைக்கு அப்போது புரியாத விஷயம் இதுதான். தொப்பியின் சைஸ் என்பது சுற்றளவு மட்டும். அரைஞாண் கயிற்றைக் கழற்றித் தரையில் போடுங்கள், வட்டமாகவும் வைக்கலாம், நீள முட்டையாகவும் வைக்கலாம், கயிறு அதே கயிறுதான், நீளமும் அதே நீளம்தான். அமெரிக்கக்காரர்கள் ஏழேகால் என்று சொல்கிற சைஸ்கூட சுற்றளவை அங்குலத்தில் எடுத்து 3.14ஆல் வகுத்த கணக்கு, அதாவது உலகத்தில் எல்லார் தலையும் சுத்த வட்டம் என்று வைத்துக்கொண்ட கணக்கு. அதே தலையை இங்கிலாந்துக்காரர்கள் ஏழும் எட்டில் ஒரு பங்கும் என்பார்கள். எந்த நம்பரிலும் தலையின் வடிவம் கிடையாது. கடையில் கிடைக்கும் தொப்பியெல்லாம் நடுத்தர முட்டை வடிவத்துக்குத்தான் செய்யப்படுகிறது. நீளத் தலைக்காரனுக்கு முன்னும் பின்னும் இடிக்கும், பக்கத்தில் தொளதொளக்கும். உருண்டைத் தலைக்காரர்களுக்கு நேர் எதிர், பொட்டில் பிடிக்கும், நெற்றிக்கும் தொப்பியின் உள்பட்டைக்கும் நடுவே இடைவெளி விழும். இரண்டு பேருமே செய்யும் தப்பு, வலிக்கிறது என்று பெரிய சைஸுக்குப் போவது. போனால் வலி போகும், கூடவே தொப்பியும் போகும். நான் ஏற்கெனவே ஸ்லிப்பில் கேட்ச் கொடுத்தவன்.

தொப்பியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம், அதற்கு வசதி இருந்தது. அதற்கு முன் நமக்குள் இருக்கும் இன்ஜினியர் விழித்துக்கொண்டான். ஆவி பிடித்தால் ஃபெல்ட் இளகும், கையால் இழுத்து வடிவம் மாற்றலாம் என்று வீடியோவில் பார்த்தேன். வீட்டில் ஆவிக்கு என்ன பஞ்சம், குக்கரில் தண்ணீர் வைத்து, விசிலை எடுத்துவிட்டு, அந்தத் துவாரத்தின் மேல் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்தேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, இட்லி ஊத்தறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ஃபெல்ட் இளகியது உண்மை. ஆனால் உள்ளே சுற்றி ஓடும் தோல் பட்டையை வெளியே மடித்துவிட்டுத்தான் ஆவி காட்ட வேண்டும் என்பதை அந்த வீடியோவில் சொல்லவில்லை, அல்லது நான் அந்த இடத்தைத் தள்ளிவிட்டிருப்பேன். தோல் சூட்டில் சுருங்கும். பின்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பட்டை சுருண்டு, விறைத்து, காய்ந்த நார்த்தங்காய்த் தோல் மாதிரி ஆகிவிட்டது. இனி யாரிடம் திருப்பி அனுப்புவது?

அப்படித்தான் அந்தப் பெரியவரிடம் போய்ச் சேர்ந்தேன். இந்த விமர்சனமே அவர் வேலையைப் பற்றியதுதான். கடையின் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன், வேண்டவே வேண்டாம் என்றார், இருக்கிற வேலையை முடிக்கவே நாள் போதவில்லையாம். மெல்பர்னிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போகும் ஒரு சின்ன ஊர், அவ்வளவுதான் சொல்ல முடியும். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒற்றை ஆள், கடைக்குள் நுழைந்ததும் மழையில் நனைந்த ஆட்டுக்கிடை வாடை லேசாக அடிக்கிறது. ஈர ரோமத்தின் வாடை. எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

தொப்பியைக் கையில் வாங்கியவர் சைஸ் என்ன, விலை என்ன என்றெல்லாம் கேட்கவில்லை. உள்ளே திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் இதை வேகவைத்தது?" என்றார். நான் மேலே கூரையைப் பார்த்தேன்.

அடுத்து அவர் செய்ததை நான் எந்தத் தொப்பிக் கடையிலும் பார்த்ததில்லை. டேப்பை எடுக்கவே இல்லை. படம் வரைபவர்கள் வளைகோடு போட வைத்திருப்பார்களே, உள்ளே ஈயக்கம்பி வைத்து ரப்பர் பூசிய, வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் அளவுகோல், அதை என் தலையைச் சுற்றி, தொப்பி உட்காரும் இடத்தில் அமுக்கி வைத்தார். மெதுவாகக் கழற்றி ஓர் அட்டையில் வைத்து பென்சிலால் கோடு போட்டார். என் தலையை மேலிருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாங்கொட்டையேதான், அதிலும் இடது பக்கம் பின்னால் கொஞ்சம் புடைத்த மாங்கொட்டை. முன்பின் 21.2 செ.மீ., பக்கவாட்டில் 15.4. தொப்பியின் வாய் 20.3க்கு 16.5. அதாவது நீளத்தில் 9 மில்லிமீட்டர் பற்றாக்குறை, அகலத்தில் 11 மில்லிமீட்டர் மிச்சம். இரண்டுக்கும் சுற்றளவு 58தான். தலைவலி, காற்று, பறந்த தொப்பி எல்லாவற்றுக்கும் காரணம் அந்த அட்டையில் ஒரு சுண்டுவிரல் அகலத்தில் கிடந்தது.

இதற்கென்றே முன்பு ஒரு கருவி இருந்ததாம், சுவரில் அதன் படத்தை மாட்டி வைத்திருக்கிறார். கான்ஃபர்மேட்டர் என்று பெயர், 1840களில் பாரிஸில் கண்டுபிடித்தது. தலையில் கவிழ்த்தால் பழைய உயரத் தொப்பி மாதிரி இருக்கும், சுற்றிலும் ஹார்மோனியக் கட்டை மாதிரி மரச் சட்டங்கள், ஒவ்வொன்றும் தலையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப நகரும், மேலே மூடியில் ஒரு காகிதத்தை வைத்து அமுக்கினால் ஊசிகள் குத்தித் தலையின் வடிவம் சின்ன அளவில் பதிந்துவிடும். லண்டனில் 1676இல் தொடங்கிய லாக் என்ற தொப்பிக் கடையில் பெரிய பெரிய ஆட்களின் தலைச் சீட்டுகளை இன்னும் வைத்திருக்கிறார்கள். ஜாதகம் மாதிரி. உங்களிடம் அந்தக் கருவி இல்லையா என்றேன். "அந்தக் காசுக்கு ஒரு பழைய யூட் வண்டி வாங்கலாம் மேட், ஈயக்கம்பி போதும்" என்றார்.

வேலை செய்வதை உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, பேசாமல் இருந்தால் பார்க்கலாம் என்றார். பட்டையை முழுக்க வெளியே மடித்தார். ஒரு சின்ன பாய்லரின் மூக்கிலிருந்து ஆவி. விளிம்பும் மேல்பகுதியும் சேரும் கோட்டில் மட்டும் ஆவி படும்படி தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார், ஓரிடத்தில் நிறுத்தவே இல்லை, தோசைக்கல்லில் மாவைப் பரத்துகிற கை மாதிரி அந்தக் கை ஓடிக்கொண்டே இருந்தது. நான் குக்கரில் செய்தது ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றது. அரை நிமிடத்தில் ஃபெல்ட் சப்பாத்தி மாவு பதத்துக்கு வந்துவிட்டது. இரண்டு பாதியாக நடுவில் திருகு வைத்த மரக்கட்டை ஒன்றை உள்ளே வைத்து, முன்பின்னாக மட்டும் திருகித் திருகி விரித்தார். இந்தப் பக்கம் நீள நீள, பக்கங்கள் தானாக உள்ளே வந்தன. நடு நடுவே எடுத்து என் அட்டையின் மேல் வைத்துப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், திரும்ப ஆவி. கடைசியில் அந்தக் கோட்டின்படி ஒட்டுப்பலகையில் ஒரு முட்டை அறுத்து, அதை உள்ளே செருகி, அப்படியே ஆற விட்டுவிட்டார்.

ஆறுவதுதான் முக்கியமாம். பல தொப்பிகளில் ஃபெல்ட்டை விறைப்பாக்க அரக்கு ஏற்றியிருப்பார்கள். சூட்டில் இளகும், ஆறினால் இருந்த வடிவத்தில் இறுகிவிடும். அரக்கு என்றால் நம் அரக்குதான், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் மரக்கிளையில் பூச்சி வைக்கும் அதே அரக்கு. அதை நான் சொன்னதும் அவர் முதல் முறையாக வேலையை நிறுத்தி என்னைப் பார்த்தார், ஐம்பது வருடமாகப் பயன்படுத்துகிறேன், எங்கிருந்து வருகிறது என்று கேட்டதே இல்லை என்றார். அப்புறம் தொழிலில் அரக்கைவிட மோசமான சாமான்கள் இருந்த கதையைச் சொன்னார். முன்னாளில் முயல் ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள், மூடிய அறையில் அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை நடுங்கும், பேச்சு குழறும், புத்தி தடுமாறும். அமெரிக்காவில் டான்பரி என்ற தொப்பி ஊரில் அந்த நடுக்கத்துக்கு ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். அங்கே பாதரசத்தை நிறுத்தியது 1941இல்தான்.

தொப்பியை அன்றைக்கே கொடுக்கவில்லை. இதுதான் என் முதல் குறை. போகும்போதே சொல்லியிருந்தால் அதற்கேற்ப வந்திருப்பேன், பத்து நாள் கழித்து இன்னொரு தடவை நாலு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டியதாயிற்று. விலைப் பட்டியலும் கிடையாது. முடிந்ததும் யோசித்து 45 டாலர் என்றார், சுருண்ட பட்டையை மாற்றித் தைக்க இன்னொரு 40. எனக்கு அது நியாயமாகவே பட்டது, ஆனால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது குறை கொஞ்சம் நியாயமானது. தொப்பியின் வாயை நீட்டினால் விளிம்பு சும்மா இருக்காது. வாய் ஒரு வடிவம், விளிம்பு பழைய வடிவம் என்று இழுத்துக்கொண்டு, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். முட்டை வடிவ ஓட்டை போட்ட பலகையில் தொப்பியைக் கவிழ்த்து, ஈரத்துணி போட்டு, இஸ்திரி வைத்து அந்த நெளிவை எடுக்க வேண்டும். வலது பக்கம் சுத்தமாக எடுத்துவிட்டார். இடது பக்கம், என் மண்டை புடைத்த இடத்துக்கு நேரே, கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, "அது உன் தலை செய்வது, என் கை செய்வதில்லை" என்றார். இருக்கலாம்.

ஆனால் போட்டுப் பார்த்த நொடி இருக்கிறதே. இறுக்கம் என்று ஒன்றுமே இல்லை. சுற்றிலும் ஒரே மாதிரி, யாரோ இரண்டு உள்ளங்கையால் தலையை லேசாகப் பிடித்திருப்பது போல உட்கார்ந்தது. குனிந்தேன், விழவில்லை. தலையை வேகமாக ஆட்டினேன், நகரவில்லை. மூன்று மணி நேர ஆட்டம் முடிந்து கழற்றினால் நெற்றியில் கோடு இல்லை, பட்டை பட்ட இடம் முழுக்க ஒரே சீராக லேசான ஈரம் மட்டும். சரியாக உட்கார்ந்த தொப்பிக்கு அதுதான் அடையாளம் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார்.

உங்கள் தலையும் இப்படி என்றால், இத்தனை தூரம் போவதற்கு முன் வீட்டில் ஒன்று செய்யலாம். உள்பட்டைக்குப் பின்னால் ஒட்ட மெல்லிய ஃபோம் பட்டை விற்கிறார்கள், இடைவெளி இருக்கும் பக்கங்களில் மட்டும் ஒட்டுங்கள், சுற்றி ஒட்டாதீர்கள். கொஞ்சம்தான் நீளத் தலை என்றால் அரை சைஸ், ஒரு சைஸ் பெரிதாக எடுத்து இதைச் செய்தாலே ஓடிவிடும். என்னுடையது மாதிரி ஒரு சென்டிமீட்டர் கணக்கில் வித்தியாசம் என்றால் ஓடாது, ஆவிக்குத்தான் போக வேண்டும், அதுவும் ரோமத் தொப்பியோடு போங்கள். கம்பளி இந்த அளவுக்கு இழுவைக்கு வராது, வந்தாலும் மழைக்குப் பிறகு பழையபடி ஆகிவிடும் என்றார் பெரியவர். கடையில் கேட்க வேண்டிய கேள்வி, சைஸ் இருக்கிறதா என்பது இல்லை. தலையின் வடிவத்துக்கு ஏற்ப மாற்றித் தருவீர்களா, என் தலையை எப்படி அளப்பீர்கள் என்று கேளுங்கள். டேப்பை மட்டும் எடுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் தொப்பியை விட்டுவிடாதீர்கள், குக்கர் செய்த வேலையை அதுவும் செய்யும், மெதுவாக.

அம்மாவிடம் வீடியோ காலில் காட்டினேன். "ஏல, மாடு மேய்க்கவால அங்க போன?" என்றாள். கேட்டில்மேன் என்றால் கிட்டத்தட்ட அதுதான் அர்த்தம் என்று சொல்லவில்லை. தலை அளவு அட்டையைக் காட்டியதும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "ஆச்சிக்கு மட்டும் அன்னிக்கி கை நல்லா இருந்திருந்தா" என்று ஆரம்பித்தாள், அழைப்பு கட் ஆகிவிட்டது.

போன சனிக்கிழமை ஆட்டத்தின் நடுவே நல்ல மழை. விளிம்பில் தண்ணீர் கட்டி முன்னால் ஒழுகியது, தலை நனையவில்லை. வீட்டுக்கு வந்து ஹீட்டர் பக்கம் போகாமல், பட்டையை வெளியே மடித்து, அந்த ஒட்டுப்பலகை முட்டையை உள்ளே செருகி (அதையும் என்னிடமே கொடுத்துவிட்டார்), மேசையில் கவிழ்க்காமல் மல்லாக்க வைத்தேன். ஒன்றரை நாளில் காய்ந்தது. அளந்து பார்த்தேன், 21.2க்கு 15.5. இடது பக்க நெளிவு மட்டும் முன்னைவிட ஒரு பொட்டு கூடியிருக்கிறது. போன் பண்ணிச் சொன்னேன், இந்தப் பக்கம் வரும்போது கொண்டு வா, அதற்குக் காசு வேண்டாம் என்றார். பெட்ரோலுக்கு ஆகும் காசை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது.